ஒரு படம் போதாது, ஐம்பது வருடப் படங்களையும் எடுத்துப் பாருங்கள்

திருகோணமலை மாவட்ட அரசாங்க அதிபர் அவர்களுக்கும், 11 பிரதேச செயலாளர்களுக்கும், காணிக் கிளைகளில் வேலை செய்யும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

காணிப் பிணக்குக் கூட்டங்களில் இப்போது ஒரு புதுச் சாட்சி முன்வரிசையில் வந்து இருக்கிறது. செய்மதிப் படம். ஏ4 தாளில் கலரில் பிரின்ட் எடுத்து, அதன் மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுத்து, "இது காடு" என்று திணைக்களக்காரர் மேசையில் வைக்கிறார்கள். மறுபக்கத்தில் இருப்பவர் கையில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தகப்பன் பெயருக்குக் கொடுத்த பேர்மிட். மடிப்பெல்லாம் கிழிந்து பொலித்தீன் உறைக்குள் இருக்கும். பலரிடம் அதுவும் இல்லை, இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போய்விட்டது. படம் மேசைக்கு வந்ததும் பேர்மிட்டுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

எனக்குச் செய்மதிப் படத்தோடு கோபம் எதுவும் இல்லை. வரைபட மென்பொருளோடுதான் என் பொழுதில் பாதி போகிறது. நான் கேட்பது இதைத்தான்: ஒரு நாள் எடுத்த ஒரு படத்தை வைத்து ஒரு ஊரின் காணியைத் தீர்மானிக்காதீர்கள். 1970களிலிருந்து இன்றுவரை இந்த மாவட்டத்தின் படங்கள் காசில்லாமல் கிடக்கின்றன. வரிசையாக எடுத்துப் பாருங்கள். பார்த்ததை எங்களுக்கும் காட்டுங்கள். எல்லைக்கல் அதற்குப் பிறகு போடலாம்.

இங்கே காடு எப்படி வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தென்னமரவாடி 1984 கடைசியில் ஆளில்லாமல் போனது, சனம் திரும்பத் தொடங்கியது போர் முடிந்த பிறகு. சம்பூர்ப் பக்கத்து ஆட்கள் 2006இல் ஓடினார்கள். அடுத்த வருடமே அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. 818 ஏக்கரை விடுவிக்கும் அறிவித்தல் வர 2015 ஆனது. வேறு ஊர்களுக்கு 1985, 1990 என்று வேறு வேறு வருடங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பகுதியிலும் வயலை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

விட்டுப்போன வயல் சும்மா இருக்காது. முதல் மாரிக்குப் புல்லும் இலுக்கும் எழும்பும். இரண்டு மூன்று வருடத்தில் நாயுண்ணி மூடும். பிறகு சூரை, விடத்தல் என்று முள் ஏறும். பதினைந்து இருபது வருடம் கழிந்தால் வீரையும் பாலையும் தலை காட்டும். கீழே வரம்பு அப்படியே இருக்கும், நடந்துபோனால் காலில் தட்டும். ஆனால் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் லாண்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதிக்கு வரம்பு தெரியாது. அதற்குத் தெரிவது இலை மட்டும்.

அந்த இலைக்கணக்கு எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குப் படாத அண்மை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வரும் அகச்சிவப்பின் அளவிலிருந்து திரும்பி வரும் சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சைபருக்குக் கீழே ஒன்றுக்கும் மேலே ஒன்றுக்கும் இடையில் ஓர் எண் வரும். தாவரச் சுட்டெண் என்பது அவ்வளவுதான். பச்சை கூடினால் எண் கூடும். விதைத்து இரண்டு மாதமான நெல்லும் பற்றைக்காடும் தை மாதத்துப் படம் ஒன்றில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். ஆடி மாதத்துப் படத்தை எடுத்தால் அறுவடை முடிந்த வயல் மொட்டையாக இருக்கும், யாரோ புதிதாகக் காடு வெட்டிய மாதிரி. எந்த மாதத்தைத் தெரிவு செய்கிறோமோ அந்த மாதத்தின் தீர்ப்புத்தான் கிடைக்கும்.

வருடம் முழுவதையும் எடுத்து வைத்தால் கதை மாறும். பெரும்போக வயலில் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், எண் கீழே விழும். மார்கழி தையில் மளமளவென்று ஏறும். மாசி பங்குனியில் கதிர் பழுத்துத் திரும்ப இறங்கும். கோடு போட்டுப் பார்த்தால் ஒரு மேடு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்தில் சிறுபோகமும் செய்தால் இரண்டு மேடு. காடு அப்படி நடந்துகொள்ளாது. கோடையில் கொஞ்சம் வாடும், மாரியில் தேறும், நடுவில் ஒருநாளும் தண்ணீருக்குள் மூழ்கி எழும்பாது. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க பட்டம் தேவையில்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், கூகிள் ஏர்த் புரோ 2015இலிருந்து இலவசம். லாண்ட்சாட் களஞ்சியத்தை 2008இல் அமெரிக்காவே காசில்லாமல் திறந்துவிட்டது. இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்குப் பாதை 141, வரிசை 54 என்ற லாண்ட்சாட் பட எண்களைத் தேடினால் போதும்.

மாரியில் மேகம் மறைக்கிறதே என்பீர்கள். உண்மைதான். வாடைக்காற்றோடு மழை கொட்டும் மாதங்களில்தான் நெல்லும் நிற்கிறது, அதனால்தான் எல்லோரும் மேகமில்லாத கோடைப் படத்தைத் தேடிப் போகிறார்கள். ஆனால் 2014இல் மேலே போன சென்டினல் 1 என்ற ஐரோப்பியச் செய்மதி ரேடாரில் படம் எடுக்கிறது, மேகம் அதற்குப் பொருட்டே இல்லை. தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாக விழும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல், கிண்ணியா எல்லாம் தத்தளித்தபோது வெள்ளம் எதுவரை வந்தது என்று பார்க்க உதவியதும் இந்த வகைப் படங்கள்தான். வெள்ளத்துக்குப் பாவிக்கத் தெரிந்ததை வயலுக்கும் பாவிக்கலாம்.

மூதூர்ப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தத் திணைக்களம் என்பதை விடுவோம். பச்சைப் படம் மேசைக்கு வந்தது. ஒரு ஐயா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, தாளை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில எங்கட குளம் எங்க மகன்?"

கொண்டுவந்தவர் தேடினார். குளம் இல்லை. கட்டு உடைந்து, தண்ணீர் நிற்காமல், புல்லும் பற்றையும் மூடிக் கிடந்ததால் குளமும் பச்சையாகவே விழுந்திருந்தது. ஐயா நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டார். மற்ற இடங்களைவிட மரம் கொஞ்சம் அடர்த்தியாக, வில்லுப்போல் வளைந்து நின்றது. "இதுதான் கட்டு. கட்டில மருது நிக்குது, அதான் கறுப்பா தெரியுது. இதுக்குக் கீழ எங்கட வயல் வட்டை. இந்தா, வாய்க்கால் இப்பிடிப் போகும்." அவர் விரல் போன வழியில் உண்மையிலேயே ஒரு மெல்லிய கோடு இருந்தது. அதற்கு முன் அந்த அறையில் யாரும் அதைக் கண்டிருக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அந்த ஐயா செய்ததைத்தான் அலுவலகங்கள் செய்ய வேண்டும் என்கிறேன். நம் பக்கத்தில் குளம் தனியாக இருப்பதில்லை. குளம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழே வயல் இருந்திருக்கும், இல்லாவிட்டால் எவன் மண் சுமந்து கட்டுப் போடுவான்? 1970களின் லாண்ட்சாட் படங்களில் ஒரு கட்டம் (படத்தின் மிகச் சிறிய சதுரப் புள்ளி) பக்கத்துக்கு 60 மீட்டர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். வரம்பு, வாய்க்கால் எதுவும் அதில் தெரியாது. ஆனால் தண்ணீர் தெரியும், கிராமக் குளம் சின்னதாக என்றாலும் விழும். அதற்கும் முந்திய காலத்துக்கு 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எடுத்த வான்வழிப் படங்கள் இருக்கின்றன. நில அளவைத் திணைக்களத்தின் பழைய, மைலுக்கு ஒரு அங்குல வரைபடங்களில் குளமும் வயலும் பேரோடு குறித்திருக்கும். 1800இல் தொடங்கிய திணைக்களம் அது, தாளுக்கா பஞ்சம்? இவற்றை ஸ்கான் பண்ணி, இன்றைய படத்தின் மேல் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தால் "எப்போதிருந்து காடு?" என்ற கேள்விக்குப் பதில் வரும். இப்போதைய பிரின்டுகள் "இன்று என்ன நிறம்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கின்றன.

பொருத்தும்போது ஒரு கவனம். பழைய நில அளவை வரைபடங்களின் ஆள்கூற்று முறை கண்டவல என்ற உள்ளூர் அளவைப் புள்ளியை அடிப்படையாகக் கொண்டது. ஜிபிஎஸ் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது முறை. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். இப்படித் தள்ளி விழுந்த கோடு ஒருவரின் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வீடும் இந்தப் பக்கம் காடுமாகப் பிரித்த வரைபடம் ஒன்றை நான் பார்த்தேன். கிணறு யார் பக்கம் என்று வீட்டுக்காரர் கேட்டார், சிரித்துக்கொண்டே. அவருக்குச் சிரிப்பு வந்தது பெரிய விஷயம்.

கோட்டின் தடிப்பையும் பாருங்கள். 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் 25 மீட்டர். கட்டத்தின் கணக்கும் இதுபோலத்தான். லாண்ட்சாட்டின் 30 மீட்டர் கட்டம் ஒன்று ஏறக்குறைய 35 பேர்ச். நமது ஆட்களின் குடியிருப்புக் காணி 20 பேர்ச் என்றால், வீடு, மா, தென்னை, முருங்கை, கோழிக்கூடு எல்லாம் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் கரைந்துவிடும், பக்கத்துக் காணியின் பாதியோடு. அந்தக் கட்டத்தை மென்பொருள் "மரச்செறிவு" என்று போட்டால் அதன் பிழையில்லை. 2015இல் வந்த சென்டினல் 2இன் கட்டம் 10 மீட்டர், அதாவது 4 பேர்ச். இது எவ்வளவோ மேல். இருந்தாலும் இந்தப் படங்களிலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகவரகம் செய்த 2020ஆம் ஆண்டு உலக நிலப்போர்வை வரைபடத்தின் மொத்தத் துல்லியம் ஏறக்குறைய 75 வீதம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு இடத்தைத் தொட்டால் ஒன்று பிழை. அவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நம் கூட்டங்களுக்கு வரும் பிரின்டுகளில் துல்லியம் எவ்வளவு என்று எங்கேயும் எழுதிக் கண்டதில்லை. எடுத்த திகதி கூட இருக்காது.

திகதி ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொன்று. 2003 மே 31ஆம் திகதி லாண்ட்சாட் 7இன் ஒரு பாகம் பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு அது எடுத்த படங்களில் சாய்வாகக் கறுப்புப் பட்டைகள், படத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரவே இல்லை. சம்பூர் இருக்கும் மூதூர்க் கிழக்கு ஆளில்லாமல் கிடந்த வருடங்கள் சரியாக இந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. அந்த வருடத்து லாண்ட்சாட் 7 படம் ஒன்று பட்டையில்லாமல் மேசைக்கு வந்தால், வெற்றிடத்தை வேறு எந்தத் திகதியின் படத்தால் நிரப்பினார்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. ஒரு விவசாயி இதையெல்லாம் படித்துவிட்டா கூட்டத்துக்கு வருவார்? அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

சட்டப் பக்கம் நான் அதிகம் போகவில்லை. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் "ஏனைய அரச காடுகள்" வனத்துறையின் பொறுப்புக்குப் போனதும், 2020இன் 1ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் அந்தப் பொறுப்பு மாவட்ட, பிரதேச செயலகங்களின் பக்கம் திரும்பியதும், சுற்றாடல்காரர்கள் அதை எதிர்த்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. எந்தப் பக்கம் போனாலும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் துண்டு எது? அதற்குப் பதில் சொல்லும் வரைபடம் சரியாக இருந்தால்தான் மேலே எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் நியாயமாக இருக்கும்.

இதை வாசிக்கும் என் ஊரவர்களில் சிலர் "சரி, படத்தை நம்பாதே என்று எழுதிவிட்டான்" என்று சந்தோஷப்படக் கூடும். அவசரப்பட வேண்டாம். அதே படவரிசை எங்களையும் காட்டிக்கொடுக்கும். கிண்ணியாப் பக்கம் மகாவலிக் கரையில் மணல் அள்ளிய குழிகள் வருடா வருடம் எப்படி அகலுகின்றன என்பது சென்டினல் படத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. களப்போரத்துக் கண்டல் மெலிவதும், நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் விடுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் தெரிகின்றன. போரோடு சம்பந்தமே இல்லாத பழங்காட்டில், நேற்று வெட்டி இன்று "அப்பாவின் காணி" என்று சொல்பவரையும் படம் காட்டும், ஏனென்றால் அந்த இடம் 1988இலும் காடு, 1973இலும் காடு. உண்மையான உரிமைக்காரரையும் இப்படிப்பட்டவரையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடுவது உங்களுக்கும் வசதியில்லை, காட்டுக்கும் நல்லதில்லை.

முத்துநகர் விவகாரத்தை எடுங்கள். சூரிய மின்திட்டத்துக்குக் காணி போகிறது என்று அங்கே வயல் செய்தவர்கள் 2025இல் உங்கள் செயலகத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள். காணி யாருக்குச் சொந்தம் என்பதைப் படம் சொல்லாது, அது உறுதியும் வர்த்தமானியும் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் அங்கே வயல் செய்தார்களா, எந்தெந்தப் போகம் செய்தார்கள், எத்தனை ஏக்கர் என்பதற்கு 2015இலிருந்து ஐந்து பத்து நாளுக்கு ஒரு படம் இருக்கிறது. ஒரு உத்தியோகத்தர் கணினிக்கு முன்னால் இருந்தால் ஓரிரு நாளில் எடுத்துவிடலாம். அப்படி ஒரு தாள் பேச்சுவார்த்தை மேசையில் முதல் நாளே இருந்திருந்தால், குறைந்தது அந்தக் கேள்வியிலாவது ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டி வந்திருக்காது. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலைய வேலை 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டது. பலகை போட்ட நிலம் எவ்வளவு, சுற்றியுள்ள மேய்ச்சல் தரைக்கு என்ன நடக்கிறது என்பதை இப்போதிருந்தே வருடத்துக்கு ஒரு தரம் பதிந்து வைத்தால் பிறகு சண்டை வேண்டியதில்லை. மாடு வளர்ப்பவர்களை நாங்கள் எப்போதும் மறந்துவிடுகிறோம், அவர்களிடம் பேர்மிட்டும் இருக்காது.

சரி, என்ன செய்யலாம்?

எந்த எல்லைக்கும் கல் போடுவதற்கு முன், அந்தத் துண்டின் படவரிசையைப் பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்கும் எடுத்துக் கோப்பில் வையுங்கள். இடப்பெயர்வுக்கு முந்திய படம் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். செய்மதியின் பெயர், திகதி, கட்டத்தின் அளவு, துல்லியம் நான்கும் தாளின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகட்டும். அப்புறம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கிராம உத்தியோகத்தரோடு மட்டும் போகாமல், கமக்கார அமைப்பையும், வயலுக்குத் தண்ணீர் பங்கிட்ட பழைய வட்டவிதானை உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். பெண்களையும் கேளுங்கள். எந்த மூலையில் களை பிடுங்கினோம், எந்தத் துரவில் தண்ணீர் அள்ளினோம் என்று அவர்கள் சொல்லும் குறிப்பு பல இடங்களில் ஆண்களின் எல்லைக் கதையைவிடச் சரியாக வந்து பொருந்துகிறது. அவர்கள் காட்டும் கட்டையும் வாய்க்காலையும் மருதமரத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துப் படத்தின் மேல் போடுங்கள். இதைச் செய்யாத வகைப்படுத்தலுக்கு எந்த மென்பொருள் நிறம் பூசினாலும் அது ஊகம்தான்.

பிரின்ட் மட்டும் தராமல் எல்லைக் கோப்பையே தாருங்கள். பிரின்டில் சரிபார்க்க எதுவும் இல்லை, கோப்பு இருந்தால் எங்கள் பிள்ளைகள் கியூஜிஐஎஸ்ஸில் திறந்து தங்கள் காணியின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்கலாம், கேட்கவும் செய்வோம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பம் எழுதி, 14 வேலை நாள் காத்திருந்து, மேன்முறையீடு போட்டு அலைவதைவிட நீங்களாகவே பிரதேச செயலகச் சுவரில் ஒரு மாற்ற வரைபடத்தை வருடா வருடம் மாட்டிவிட்டால் உங்களுக்கும் வேலை குறையும். ஆள் போதாது என்றால் கோணேசபுரியில் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவர்களுக்கு இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு விஷயம் தேடி அலைவதே பெரும்பாடு, இதைக் கொடுத்தால் ஓடி வருவார்கள். ஒரு பிரதேசத்தில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம். வெருகலில் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். மகாவலி வெள்ளம், மீள்குடியேற்றம், காட்டெல்லை மூன்றும் அங்கே ஒரே தாளில் வந்து முட்டுகின்றன.

பங்குனி கடைசியில் சூடடித்து முடிந்ததும் எல்லை குறிக்கும் வேலைகள் திரும்பவும் தொடங்கும். அதற்கு முன்னர் எந்தெந்தக் கிராம சேவகர் பிரிவுகளில் வேலை நடக்கப்போகிறது, படவரிசைக் கோப்பை எந்தக் கிளையில் எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்ற இரண்டையும் அறிவித்தல் பலகையில் போட்டுவிடுங்கள். நாங்கள் பேர்மிட்டோடும், உள்ளவர்கள் லப்டொப்போடும் வருகிறோம்.

இப்படிக்கு,
வரைபடம் பார்க்கும் மூதூர்வாசி ஒருவர்